பேர் வெட்டிய கேரியர்

வல்லம் வடகால்
11-5-2025

அன்புள்ள உலகம்மாள் அக்காவுக்கு மஞ்சுளா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். நீங்களும் அண்ணனும் கல்யாணப் பெண் சுகப்பிரியாவும் நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் அழுகைதான் முந்திக்கொள்கிறது. நீங்களும் சேர்ந்து அழுகிறீர்கள். அதனால்தான் எட்டாவது படித்த எழுத்தில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மலேசியா வருவதற்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கம்பெனி பேக்கிங் செக்ஷனில் பத்து நாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் ராஜசேகர், "இன்னாக்கா, ஒரேயடியா ஃபாரினா? எங்க லைனுக்கு சாக்லேட் உண்டா?" என்றான். என்னைப் பார்த்தாலே தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனவன் கேலி பேசியது தெம்பாக இருந்தது.

என் சுபஸ்ரீ வாங்கி வைத்த பரிசைத்தான் கொண்டுவருகிறேன். சுகப்பிரியாவுக்கு நிச்சயம் ஆன வாரமே வாங்கினாள். நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர். "அவங்க நம்ம பக்கத்து ரூம்ல குடியிருந்தப்போ நானும் அவளும் ஒரே டப்பாவுலதானம்மா சாப்ட்டோம். இப்ப வூட்டுக்காரனுக்கும் சேத்து எடுத்துக்கினு போவட்டும்" என்றாள். 'சுகப்பிரியாவுக்கு சுபஸ்ரீ' என்று கடையிலேயே பேர் வெட்டி வாங்கினாள். அடுத்த மாதம் ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது லாரி அடித்துப் போய்விட்டாள்.

படப்பை கிஃப்ட் கடையில் கொடுத்துச் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றி வாங்கிவிட்டேன். 28ஆம் தேதி கிளம்புகிறேன்.

உங்கள்
மஞ்சுளா

பினாங்கு
14-5-2025

அன்புத் தங்கை மஞ்சுளாவுக்கு,

நீ வருவதுதான் எனக்குக் கல்யாணம். போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லையா?

ஒரு விஷயம். இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் பரிசுகளை அன்றைக்கே பிரித்து வரிசையாக வைப்பார்களாம். பிரித்தால் பேர் தெரியும். என் மாமியாரோ, "செத்த பிள்ள பேரு போட்ட சாமானையா கல்யாணப் பொண்ணு கையில குடுப்பாவ?" என்று இப்போதே பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் இன்னும் இரண்டு தாள் சுற்றி நன்றாக ஒட்டி, மேலே உன் பேரை எழுதிக் கொண்டுவா. வந்ததும் என்னிடம் கொடுத்துவிடு. பீரோவில் வைத்திருந்து, எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் நானே அவளிடம் கொடுக்கிறேன். மேடையில் நீ கொடுக்க வேறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கிடாதட்டி.

அன்புடன்
உலகம்மாள்

வல்லம் வடகால்
15-5-2025

அக்காவுக்கு,

கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் நாத்தனார் சுந்தராம்பாளும் இதையேதான் கேட்டாள். "நல்ல காரியத்துக்கு இத்தையா எடுத்துக்கினு போற? உனுக்கு புத்தி கீதா அண்ணி?" அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கு எழுத முடியாது. ஆனால் பதில் அதேதான்.

அதை வாங்கியபோது என் மகள் உயிரோடு இருந்தாள் அக்கா. கடைக்காரரிடம், "எழுத்து கோணாம வெட்டுண்ணா" என்று சண்டை போட்டு வாங்கினாள். அதில் செத்துப்போனது எது?

ஏழு மாதமாக எல்லாரும் அவள் பேரைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள். அது கவர்மெண்ட், எடுக்கட்டும். எவர்சில்வரில் இருப்பதை நான் மறைக்க மாட்டேன். என் பேரையும் எழுத மாட்டேன், நான் வாங்கியதில்லை அது.

மண்டபத்தில் அழுவேனோ என்று பயமா? அழுவேன். அழுதுவிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சுகப்பிரியாவைக் கேட்டீர்களா? அவளைக் கேட்காமல் பீரோவைப் பூட்டாதீர்கள்.

மஞ்சுளா

கோலாலம்பூர் விமான நிலையம்
28-5-2025

அக்காவுக்கு,

நீங்கள் படித்ததற்கு வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. பதில் இல்லை. நான் பாதி தூரம் வந்துவிட்டேன்.

வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று மேல் அடுக்கில் சர்க்கரை போட்டிருந்தேன். சென்னையில் மெஷினில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா வெள்ளையா?" என்று பிடித்துக்கொண்டார்கள். "சக்கர சார். வாயில போட்டுப் பாருங்க" என்றேன். போடவில்லை. ஜிகினாத் தாளை மட்டும் கிழித்துப் போட்டார்கள்.

இங்கே பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுகிற கடை இருக்கிறது. நாங்கள் கம்பெனியில் சுற்றுகிற அதே ஃபிலிம், கண்ணாடி மாதிரி. கடையில் தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, கல்யாணப் பரிசுன்னா அங்க பூப்போட்ட பேப்பர் இருக்கு" என்றாள். "வேணாம்மா, இத்தயே சுத்து" என்றேன். தொளதொளவென்று சுற்றினாள். "தள்ளு, நான் சுத்தறேன்" என்று வாங்கி இழுத்துச் சுற்றினேன். ஒரு சுருக்கம் இல்லை. பேர் பளிச்சென்று தெரிகிறது. "சுபஸ்ரீ யாரு ஆன்ட்டி?" என்றாள். "என் பொண்ணு" என்றேன்.

ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம். பினாங்கு ஏர்போர்ட் வாசலுக்கு வாருங்கள். இரண்டு கையாலும் வாங்கினால் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முந்தானையில் மறைத்து வாங்குவதாக இருந்தால் வரவே வேண்டாம். பரிசோடு திரும்பிவிடுவேன். உங்கள் மேல் பிரியம் குறையாது. ஆனால் திரும்பிவிடுவேன்.

மஞ்சுளா

பினாங்கு
28-5-2025

ஏட்டி மஞ்சு,

பதில் எழுதாதது என் கோழைத்தனம். உன் இரண்டு கடிதத்தையும் இப்போதுதான் சுகப்பிரியாவிடம் காட்டினேன். என்னைத் திட்டினாள். பாட்டியிடம் அவளே போய்ப் பேசினாள். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தட்டும்.

கிளம்பிவிட்டோம். முன் சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வரும்போது கேரியர் தன் மடியில்தான் இருக்க வேண்டுமாம்.

உலகம்மாள்