டீச்சரிடம் மட்டும் சொன்னது

ஜூலை 5, சனி

ஷைனி பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒன்பதாம் வகுப்புக்கு உபகாரமேரி டீச்சர்தான் கிளாஸ் டீச்சர். நம்ம அன்பியத்துக்காரர், மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து ஜெபம் சொல்கிறவர்கள்தானே நாங்கள். “வூட்ல இன்னா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. ஒளிச்சா புள்ளைக்குத்தான் கஷ்டம்” என்றார்.

எல்லாரும் போகட்டும் என்று நின்று, சொல்லிவிட்டேன். ஷைனிக்கு வலிப்பு இருக்கிறது, மாத்திரையில் அடங்கியிருக்கிறது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சாவிக்கொத்து கீவிக்கொத்து கையில் திணிக்க விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டார். “இது என்னோட போச்சு ஷீபா” என்றார்.

பஸ்ஸில் ஷைனியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. “யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னியேம்மா.” வேற யாரோவா, நம்ம டீச்சர்தானடி என்றேன். சங்கராபுரம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 9

டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் மாற்றிவிட்டாராம். யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி, இன்னும் சில பிள்ளைகளோடு சேர்த்து. சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

எழுதாவிட்டால் தாங்காது.

ஜான் அண்ணன் வீட்டில் அன்பியக் கூட்டம். வாசகம் முடிந்து மன்றாட்டு ஆரம்பித்தது. ஒருவர் மழைக்குக் கேட்டார். இன்னொருவர் மகன் விசாவுக்குக் கேட்டார். அடுத்து உபகாரமேரி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக, “வலிப்பு நோயால் வேதனைப்படும் எங்கள் ஷைனி மகள் பூரண சுகம் பெற வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்” என்றார்.

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது வீடு முழுக்க. என் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. பழக்கம்! சொன்ன பிறகுதான் காதில் ஏறியது.

ஷைனி என் பக்கத்தில்தான் இருந்தாள். எழுந்து செருப்புகூடப் போடாமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். உள்ளே மன்றாட்டு நிற்கவில்லை.

சீ. இப்படியும் ஒரு மனுஷி செய்வாளா?

ஜூலை 14

போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன்.

“இன்னா ஷீபா, நான் ஊர்லயா தம்பட்டம் அடிச்சேன்? சாமிகிட்டதான சொன்னேன்?”

“சாமிகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேங்க டீச்சர். உங்ககிட்ட சொன்னது உங்களுக்கு.”

“நாலு பேரு ஜெபம் பண்ணா நல்லதுதான” என்றார். மனசார நம்பித்தான் சொல்கிறார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு மனசு ஆறியிருப்பேன். இந்தம்மாவை என்ன செய்வது?

ஜூலை 16

ஜான் அண்ணன் சம்சாரம் வேளாங்கண்ணி எண்ணெயோடு வந்தார். பாசமாகத்தான் வந்தார். தலையில் தடவிவிட்டு, “மாத்திரைய கொஞ்சம் கம்மி பண்ணிப் பாரேன், விசுவாசம்தான் முக்கியம்” என்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ கேட்டார்களாம், “நாளைக்கி பொண்ண கட்டிக் குடுக்கறப்ப இன்னா பண்ணுவ?” அவளுக்குப் பதினாலு வயதுதான் ஆகிறது. பாழாய்ப்போன வாய்கள்.

பள்ளியில் பக்கத்துப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்ததாம். இனி போகமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 18

ஆல்பர்ட் அவளை மலைமேலே கரியாலூருக்கு, தன் அக்கா வீட்டுக்கு வண்டியில் கூட்டிப் போய்விட்டார். கெஞ்சினேன். திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“டீச்சர் சொன்னது இருக்கட்டும். நீ எதுக்கு சொன்ன?”

ஜூலை 27

அன்பியக் கூட்டத்துக்கு இனிப் போவதில்லை. பூசைக்குப் போனேன். டீச்சர் சிரித்தார். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மலை பஸ்ஸில் போனேன். வளைவு வளைவாக ஏறும்போது வாந்தி வந்தது. ஷைனி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நானும் கூடவே தழை ஒடித்துப் போட்டேன்.

“உன்ன கேக்காம இனிமே யாருகிட்டயும் வாய தொறக்கமாட்டேன்டி. மாதா மேல சத்தியம்.”

“மாதாவ எதுக்கும்மா இழுக்கற? நீ சும்மா சொல்லு.”

சும்மா சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். நாத்தனார் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார், இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நாளை காலை பஸ்ஸில் இறங்குகிறோம்.

ஆகஸ்ட் 6

பள்ளிக்குப் போனாள். பக்கத்து இடம் காலியாம். “விசாலமா இருக்கு” என்கிறாள். இந்தக் குசும்பு வந்துவிட்டது, அது போதும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடியற்காலையில் வீட்டில் ஷைனிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக வராமல் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22

கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். “கொஞ்ச நாளு தூக்கம் ஜாஸ்தியா வரும், ஸ்கூல்ல சொல்லி வச்சிடுங்க” என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று ஷைனியைக் கேட்டேன். சொல்லட்டுமா?

“வேணாம்மா.”

சொல்லியாகணும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் கேட்டது நான்தானே.

அக்டோபர் 11, சனி

பெற்றோர் கூட்டம். ஷைனியும் கூட வந்தாள். டீச்சர் காலாண்டு மார்க்கைக் காட்டிவிட்டு, “கிளாஸ்ல தூங்கித் தூங்கி வுழறா ஷீபா. இன்னா விஷயம்?” என்றார். குரலில் கரிசனம் இருந்தது. சொல்லிவிடலாம் போல இருந்தது, சத்தியமாக. ஷைனி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ராத்திரி பூரா போன் பாத்துக்கினு கெடக்கறா டீச்சர்.”

டீச்சர் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வெட்கமில்லையா, அம்மா அப்பா படுகிற பாடு தெரியாதா என்றெல்லாம். ஷைனி எல்லாவற்றுக்கும் “சரிங்க மிஸ்” என்று தலையாட்டினாள். மேஜைக்குக் கீழே என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு வகுப்பில் விழுந்தால், மாத்திரை கூட்டியது டீச்சருக்குத் தெரியாது. தெரிந்துதான் பொய் சொன்னேன்.

டீச்சருக்குத் திருப்தி. “பாத்தியா, இப்படி மனசு வுட்டுப் பேசிட்டா எங்களுக்கும் எவ்ளோ சுலபமா இருக்குது” என்றார்.

“ஆமாங்க டீச்சர்” என்றேன்.