முந்நூற்றுப் பதினேழாம் நம்பர் டோக்கன்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
16 மே 1999, ஞாயிறு

அன்பு மகள் பியூலாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நலம். மாசிடோனியா எல்லையில் அகதி முகாம் வேலைக்குப் போன இடத்தில், அந்தக் கூடாரத்துக்குள் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல கம்பளியாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறோம். இங்கே தினமும் சாயங்காலம் மழை. பார்க் முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கிறது, நடக்கப் போனால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிறது, அம்மா திட்டுகிறாள். பாதாமி மாம்பழம் வந்துவிட்டது. நீ ஜூன் ஐந்தாம் தேதி வருவாய் என்று அவள் மாம்பழக்காரரிடம் இப்போதே ஒரு டஜன் சொல்லி வைத்திருக்கிறாள், அவரும் சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு தடவை படித்தேன். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்தால் ஏர்போர்ட் பக்கம் போகிற விமானம் தலைக்கு மேலே போகும் அல்லவா, அந்தச் சத்தத்தில் அரைத் தூக்கமாக இருக்கும்போது எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. முப்பது வருஷம் வேலை செய்த ஹேங்கரின் தகரக் கூரை மெதுவாக வெள்ளைத் துணியாகி, உன் கூடாரமாகிவிடுகிறது. நீ எழுதிய அந்த ஆறு வயதுக் குழந்தை லிரியே ஏதோ ஒரு விமானத்தின் இறக்கைக்குக் கீழே உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். பயமாக இல்லை, தண்ணீருக்குள் இருப்பது போல இருக்கிறது. முழித்துப் பார்த்தால் காபி ஆறிப்போயிருக்கிறது.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதல் கேள்வி, கொசோவோவில் சொந்த ஜனங்களையே அரசாங்கம் வீட்டைக் கொளுத்தி விரட்டுகிறது, அதை நிறுத்தத்தானே இத்தனை நாட்டு விமானங்கள் போய்க் குண்டு போடுகின்றன, கூடாரத்தில் பெரியவர்கள் அந்த விமானச் சத்தத்தைக் கேட்டுக் கை தட்டுகிறார்கள், லிரியே மட்டும் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறாள், யார் செய்வது சரி அப்பா என்று. விரட்டப்பட்ட ஜனங்களின் டிராக்டர்கள் மேலேயே தவறுதலாகக் குண்டு விழுந்ததைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து நானும் இதைத்தான் யோசிக்கிறேன். விமானம் செய்கிற வேலையில் வயிறு வளர்த்தவன் பதில் சொல்லட்டும் என்று கேட்டாய் போலிருக்கிறது.

அம்மாவுக்கும் நேற்றுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எழுபத்தொன்று டிசம்பரில், நீ ஏழு மாதக் குழந்தை, ஃபாக்டரியிலிருந்து எங்கள் ஆறு பேரைக் கிழக்கே ஒரு விமானத் தளத்துக்கு அனுப்பினார்கள். எல்லைக்கு அப்பால் அங்கேயும் இதே கதைதான், அரசாங்கமே ஜனங்களைச் சுட்டது. பாத்திரமும் குழந்தையுமாக வந்த கூட்டம் ரோடு ஓரமெல்லாம் படுத்திருந்தது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பானரோ ஸ்க்ரூ டிரைவரோ, பலகையில் அது மாட்டியிருக்கும் இடத்தில் அதன் உருவம் வரைந்திருக்கும். எடுக்கிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை அங்கே மாட்டிவிட்டு எடுக்க வேண்டும், வைத்துவிட்டு டோக்கனைக் கழற்ற வேண்டும். பலகை நிறையாமல் விமானம் கிளம்பாது, நாமும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருநாள் காலை என் முந்நூற்றுப் பதினேழு மட்டும் தொங்குகிறது, ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். இன்ஜினுக்குள் விழுந்திருந்தால் பைலட் கதி என்ன? விமானத்தை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரும் தேடினோம். நான் சி.எஸ்.ஐ.க்காரன், புனிதர்களைக் கூப்பிடுவதில்லை, ஆனாலும் அன்றைக்கு உன் அம்மாவின் அந்தோணியாரைக் கூப்பிட்டேன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவது அவர் இலாகா என்று அவள்தானே சொல்வாள். ஒரு மணி நேரம் கழித்து அது என் ஸ்வெட்டரின் உள்பையில் இருந்தது. குளிருக்காக உள்ளே போட்ட ஸ்வெட்டர், பழக்கமில்லாத பை. ஏச்சு வாங்கினேன், விமானம் போயிற்று, போருக்கும் முடிவு வந்தது, ரோட்டில் கிடந்தவர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். அழுதேன்.

ஆனால் பியூலா, அந்த ஒரு மணி நேரம் என்னை விட்டுப் போகவில்லை. அந்த விமானம் நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் யாராவது இருந்தார்களா, போகாததால் அந்த ஒரு மணி நேரம் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டியவர்கள் யாராவது இருந்தார்களா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால் உனக்கு என் பதில் இதுதான். யாராவது போய்த்தான் ஆக வேண்டியிருந்தது, கை தட்டுகிறவர்கள் தப்பில்லை. கட்டிலுக்கு அடியில் ஓடுகிறவளும் தப்பில்லை, அவளை வெளியே இழுக்காதே, நீயும் குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்.

இரண்டாவது கேள்வி, லிரியேயின் அம்மா கிடைக்கும் வரை இருக்கட்டுமா என்று. வா என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் தனியாக வந்த குழந்தைகளை எண்ணுகிறோம், அவர்களைத் தேடி வருகிறவர்களையும் எண்ணுகிறோம், கணக்கு ஒத்துவரவே மாட்டேன் என்கிறது என்று நீ எழுதியிருந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது. பலகை நிறையாமல் வீட்டுக்குப் போகிறவன் மகளாக உன்னை நான் வளர்க்கவில்லை. இரு. டிக்கெட்டை மாற்றிக்கொள்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்வெட்டர் கதை உட்பட. கேட்டுவிட்டு எழுந்து போய் மாம்பழக்காரருக்கு ஒரு டஜன் வேண்டாம், அரை டஜன் போதும் என்று சொல்லி அனுப்பினாள். ரிடையர் ஆன நாளில் நினைவுக்காக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த அந்த டோக்கன் பீரோவில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, வாசல் கதவுக்குப் பின்னால் உன் ரெயின்கோட் தொங்குமே, அந்தக் காலி ஆணியில் மாட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். “மாட்டினது நீங்க. அவ வந்தப்புறம் எடுக்கறதும் நீங்கதான் எடுக்கணும், அதுவரைக்கும் ஒடம்பப் பாத்துக்குங்க” என்றாள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்திரு. லிரியேயின் தாயைத் தேடிக் கொடுக்கச் சொல்லி அம்மா அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மெழுகுவர்த்தி ஏற்றப்போகிறாள், நானும் கூடப் போகிறேன், நம் பாஸ்டரிடம் சொல்லிவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

டோக்கனைக் கழற்றக் காத்திருக்கும்
உன் அப்பா
தியோடர்




அம்மா அல்போன்சாவின் முத்தங்கள்.