வண்டிக்கு அடியில் ஒரே பாஷை

இன்று காலை காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டுக் கேட்டைச் சாத்தத் திரும்பியபோது அந்த வாடை வந்தது. எரியாத பெட்ரோல் வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டு நீ சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, குழாயின் வாயில் விரலை விட்டுக் கரியைத் தொட்டுப் பார்ப்பாயே, அதே வாடை. நானும் குந்தி உட்கார்ந்தேன். விரல் மையாக வெளியே வந்தது.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு வாரமாக எரிகிறது. பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாய். புகை சர்டிபிகேட் இந்த வாரத்தோடு முடிகிறது. இந்த நிலையில் எந்தச் சோதனையிலும் இந்த வண்டி தேறாது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பிப் போ என்கிறார் என் வீட்டுக்காரர். நர்ஸ் வேலைக்கு ஆள் கிடைக்காமல் பழைய ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ஊசி போடுவதும், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதும் நாம் இரண்டு பேராகச் செய்த வேலை. ஒருத்தியாக இழுப்பது பெரும்பாடாகத்தான் இருக்கிறது. அதனால் எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். அந்த விளக்கை எரிய வைக்கிற, புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சரை இன்று நானே மாற்றிவிட்டால் வேலை தொடரும். முடியவில்லை என்றால் வண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுவேன். முட்டாள்தனமான பந்தயம்தான். நீ போனதிலிருந்து நான் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பந்தயம் கட்டுகிறேன்.

முதல் தடவை இந்த விளக்கு எரிந்தபோது நாம் இந்த வேலையை ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கார் அப்போது உன்னுடையது, பல கை மாறி வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, சென்சர் போய்விட்டது, சைலன்சரில் ஒரு பாகமும் போயிருக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். நீ மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாய். என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாய்.

"ஏனுங்க்கா, இது நம்ம நோயாளி விரல்ல ஆக்சிஜன் பாக்க மாட்டுற கிளிப்பு மாதிரிதானுங்களே. கிளிப்பு கெட்டா கிளிப்பைத்தான் மாத்தோணும். ஆளையேவா மாத்துவாங்க?"

"அது மெக்கானிக் வேலை, அல்வா?" என்றேன்.

'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில் 'அல்வா'. அப்பாவின் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம், வாயில் இரண்டும் கலந்துதான் வரும். எல்லையோரம், கன்னடப் பக்கத்து ராமாபுரத்தில் பிறந்த உனக்கு அது பெரிய வேடிக்கை. "அக்கா எதுக்கெடுத்தாலும் அல்வா குடுத்துருவாங்க" என்று நோயாளிகள் முன்னாலேயே என் மானத்தை வாங்குவாய். உன் யோக்கியதை மட்டும் என்னவாம். சாதாரணமாகப் பேசும்போது உன் ஊர்த் தமிழ், மரியாதை சொட்டும். பதற்றம் வந்துவிட்டால் சுத்தக் கன்னடம். பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடத்தில் படித்தவள் நீ.

அன்று நீ கண்ணை மூடிக்கொண்டு காரியத்தில் இறங்கவில்லை. போனோடு சேர்ந்து வேலை செய்யும் சின்னக் கருவி ஒன்றைக் கடன் வாங்கி வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் செருகினாய். இந்த வண்டியில் எஞ்சினை ஒட்டி ஒரு சென்சர், அடியில் தள்ளி இன்னொன்று. கெட்டது எஞ்சினை ஒட்டி இருப்பது என்று காட்டியது. அப்போதும் நீ நம்பவில்லை. ஒயரை எலி கடித்திருக்கிறதா, பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, புகைக் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய். "ரிப்போர்ட்டை மட்டும் பாத்து மருந்து குடுக்கக் கூடாதுங்க்கா, ஆளைத் தொட்டுப் பாக்கோணும்" என்றாய். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கார் கம்பெனியின் பெட்டியில் இருந்ததைத் தொடக்கூட இல்லை. அதே சென்சர் சாதாரணப் பெட்டியில் பாதி விலைக்கு இருந்தது. வண்டியின் மாடலையும் பிளக்கின் வடிவத்தையும் ஒத்துப் பார்த்து அதை எடுத்தாய். இந்தச் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாய். மறுநாள் புகைச் சோதனை. காரின் முன்பக்கத்தைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம், பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்று நீ எனக்குச் சொன்னாய், நான் உனக்குச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பயம். துருவுக்கு முதல் நாளே எண்ணெய் அடித்து ஊற விட்டிருந்தோம். சூடு இருந்தால் மரை இளகும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினாய். பிறகு தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு அடியில் போனாய். ஸ்பேனரின் வாயைச் சென்சரில் கவ்வ வைத்து விலகாமல் அணைத்துக்கொள்வது உன் வேலை. அதன் மறுமுனையில் நீளக் குழாயைச் செருகி மேலேயிருந்து இழுப்பது என் வேலை.

இழுத்தேன். அசையவில்லை. பம்பரில் முழங்காலை ஊன்றி மறுபடி இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று நினைத்த அதே நொடியில் அடியிலிருந்து உன் குரல் வந்தது.

"பிடி, பிடி, பிடி."

நான் பிடித்தேன். உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். நீ என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. மரியாதையே பறந்துவிட்டதென்றால் அங்கே எவ்வளவு அவசரமோ என்றுதான் என் புத்தி போயிற்று. குழாயை இன்னும் இறுக்கினேன். "பிடி அக்கா, பிடி" என்று உன் குரல் கீச்சிட்டது. காருக்கு வெளியே நீட்டியிருந்த உன் கால்கள் தரையை உதைத்தன. விட்டால் ஸ்பேனர் உன் முகத்தில் விழுந்துவிடும் என்று பயந்து என் முழு எடையையும் குழாயின் மேல் போட்டேன்.

அப்போதுதான் உனக்குத் தமிழ் வந்தது. "விடுங்க்கா."

கை தானாக விட்டது. ஸ்பேனர் வழுக்கி, அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் உன் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாட்டியிருந்தன. நரம்பு தேடுகிற விரல்கள். மற்றவர்கள் குத்திக் குத்திச் சலித்த கையில், நீ கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு விரல்களால் தடவியே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாய். உன்னைத் தேடி ஆட்கள் போன் செய்ததே அதற்காகத்தான். கார் போனால் பஸ்ஸில் போயாவது பிழைத்திருப்போம். விரல் போயிருந்தால் என்ன செய்திருப்போம்?

கையுறையை நீயே கழற்றிக்கொண்டாய். நகங்கள் கறுத்துக்கொண்டிருந்தன.

"மடக்கு" என்றேன். மடக்கினாய், முகம் வெளுத்தது. "நீட்டு." நீட்டினாய். விரல் நுனியைத் தொட்டு, "தெரியுதா?" என்றேன்.

"தெரியலீங்க்கா. மரத்துப் போச்சு."

ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து என்னால் தாங்க முடியவில்லை. "பிடின்னு நீதானே சொன்னே?" என்று கேட்டேன்.

"கன்னடத்துல சொன்னேனுங்க்கா."

கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு 'விடுங்கள்' என்று பொருள். அதிலும் மரியாதையான விடுங்கள். கன்னடத்துப் 'பி' நாம் 'பீடி' என்னும்போது ஒலிப்பது போல, தமிழ்ப் 'பி' 'பிள்ளை' என்னும்போது ஒலிப்பது போல. காருக்கு அடியிலிருந்து வரும்போது எந்தப் 'பி' என்று யார் கண்டது. ஆனால் ஒன்று, நீ பிடிக்கச் சொல்ல நினைத்திருந்தால் உன் ராமாபுரத்து வாயில் 'புடிங்க்கா' என்றுதான் வந்திருக்கும். இரண்டு பாஷையையும் ஒரே வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நீ சிரிக்க ஆரம்பித்தாய். வலியில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இனிமே வண்டிக்கு அடியில ஒரே பாஷைதானுங்க்கா" என்றாய்.

"எந்த பாஷை?"

"யாரு அடியில இருக்காங்களோ, அவிங்க பாஷை."

அப்புறம் நான் அடியில் போனேன், நீ இடது கையால் குழாயை இழுத்தாய். மூன்று தடவை வழுக்கி, நான்காவது தடவை சென்சர் இளகியது. புதியதன் நுனியைத் தொடாமல் எடுத்துக் கொடுத்தாய். "கையாலதான் உள்ள போகோணும். ஸ்பேனரு கடைசிச் சுத்துக்குத்தான்" என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாய். மறுநாள் சோதனையில் வண்டி தேறியது. உன் விரல்கள் தேறவில்லை. பல வாரம் நீ இடம் காட்ட, நான்தான் ஊசி போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் நீ சும்மா பேசிக்கொண்டிருப்பது போல நோயாளியின் கையைத் தடவிப் பார்ப்பாய், பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாய், இல்லை என்று. நகம் விழுந்து புது நகம் முளைத்த பிறகு ஒருநாள் நஞ்சன்கூட்டில் ஒரு வீட்டில், உப்பிப்போன ஒரு கையின்மேல் உன் விரல் நின்றது. என் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டாய். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு நான்தான் அழுதேன்.

அந்தப் பாஷை விதியை நாம் காருக்கு அடியிலேயே விட்டுவிடவில்லை. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டுவதற்கு முன்னால், நீங்கள் எந்த பாஷை என்று கேட்போம். நமக்குள் பேசிக்கொள்வதும் அந்த பாஷையிலேயேதான், அடியில் இருப்பவர் அவர் இல்லையா. எத்தனை பேருக்கு அதிலேயே பயம் தெளிந்தது. ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்த நீ, உனக்கு வந்த காய்ச்சலை மட்டும் அலட்சியம் செய்தாய். ஐ.சி.யூ.வில் கடைசியாக நான் உன்னோடு கன்னடத்தில்தான் பேசினேன். உனக்குப் பதற்றமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று குழாயை இழுக்க ஆள் இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, பந்தயம் பந்தயம்தான். கருவியைச் செருகிப் பார்த்தேன், கெட்டது அதே சென்சர்தான். ஒயர், பிளக் எல்லாம் பார்த்துவிட்டு, கடையில் புதியதை வாங்கி வந்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினைச் சூடாக்கி, அடியில் போய், ஒரு கையால் ஸ்பேனரை அணைத்து மறுகையால் குழாயைத் தள்ளினேன். பழையது கழன்றது. புதியது அரைச் சுற்றுப் போய் முரண்டு பிடித்தது. மரை கோணலாக ஏறுகிறது என்று கைக்கே தெரிந்தது. தோள் கடுக்கிறது, கண்ணில் துரு விழுகிறது, ஸ்பேனர் பக்கத்திலேயே கிடக்கிறது. ஒரே அழுத்து, முடிந்துவிடும். மரை போனால் புகைக் குழாயோடு மாற்ற வேண்டும், அதற்கு என்னிடம் வழியில்லை, அப்புறம் ஆஸ்பத்திரிதான். ஸ்பேனரை எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். சென்சரை வெளியே எடுத்து, மரையைத் துணியால் துடைத்து, கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பி, அது இடத்தில் உட்காரும் அந்தச் சின்ன அசைவு விரலுக்குத் தெரியும் வரை காத்திருந்து முன்னால் திருப்பினேன். கையாலேயே உள்ளே போனது, கடைசி வரை.

பிளக்கைச் செருகி, போனில் பழைய கோளாற்றை அழித்து, சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்குகளும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் நின்றது. சாவியிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அணைந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதுகுப் புண்ணுக்கு நாம் கட்டுப் போட்டுவந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவரின் மகள்.

"இன்னிக்கு டிரெஸ்ஸிங்குக்கு வர்றீங்களா சிஸ்டர், இல்ல வேற யாரையாவது பாக்கட்டுமா?"

"வர்றோம்" என்றேன்.

அந்தப் பன்மை அவர் காதில் பட்டது. "கூட யாராச்சும் புதுசா சேந்திருக்காங்களா?"

"இல்லம்மா. பழைய ஆளுதான்" என்றேன்.