நீ அனுப்பிய படத்தைப் பார்த்தவர்கள் சொன்னது

முத்துமாரி அம்மன் துணை

மாத்தளை,
15.11.1992

அன்பு மகன் தர்மராஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கடல் தாண்டி இத்தாலியில் இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். உன் கடிதமும் படக் கெசட்டும் தீபாவளிக்கு முதல் வாரமே கைக்கு வந்துவிட்டன. பார்சலை யாரோ பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், இந்தக் காலத்தில் அதையெல்லாம் போய்க் கேட்க முடியுமா, வந்து சேர்ந்ததே போதும். அழகாயி பெரியம்மா எல்கடுவையிலிருந்து வந்து எங்களோடுதான் இருக்கிறாள், முழங்கால் வீங்கி மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாமல் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டாள். வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்களாம், அவள் அட்டையை மார்புக்குள் வைத்திருந்ததால் எடுக்க வெட்கப்பட்டு நின்றாளாம், சொல்லிச் சிரிக்கிறாள். நீயும் அங்கே உன் காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்.

நீ வேலை செய்யும் வீட்டு ஐயா உனக்குப் போட்டுக் காட்டிய படம் என்றும், பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்றும், அப்பா என்ன சொன்னார் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அப்பா சொன்னதை எழுதுவதற்குத்தான், ராஜா, இரண்டு வாரம் பிடித்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

கெசட்டைப் போட்டுப் பார்க்க நம் வீட்டில் டெக் ஏது, பக்கத்து வீட்டு ஸுபைதா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஸுபைதா, அவள் புருஷன் அப்துல் ஸமத் நானா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அவர்கள் மகள் மஸூதா, பெரியம்மா, நான், அப்பா, அவ்வளவு பேர்தான். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருஷமாகப் படம் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போகிறவர், அன்றைக்குத் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நீ எட்டுப் பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்பிய கதையை மஸூதா படம் ஓட ஓட வாசித்தாள். அவள் ஒரு பக்கம் பிந்திவிட்டாள், படத்தில் கல்யாணம் நடக்கிறது, இவள் சாவை வாசிக்கிறாள், நாங்கள் கல்யாணத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தோம். பிறகு ஸமத் நானா படத்தை நிறுத்தி, படத்தையும் மஸூதாவையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து விட்டார்.

கடற்கரை ஊரில் ஒரு விதவைப் பெண் வலை போட்டு வைத்த கூடத்தைப் படமாளிகையாக்கி நடத்துவதும், உப்பு அள்ளுகிற சனம் ஞாயிறு வந்தால் முகம் கழுவிக்கொண்டு ஓடி வருவதும், கடைசியில் கூடத்தை விற்க வேண்டி வந்து அவள் சனம் உட்கார்ந்து படம் பார்த்த ஒவ்வொரு வாங்கையும் ஒவ்வொரு வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பதும் எல்லோருக்கும் விளங்கியது. ஸமத் நானா, ஒரு பாட்டு இல்ல, ஒரு சண்டை இல்ல, ஆனா கெலரியில நிண்டு கத்துறவன் மட்டும் அப்பிடியே நம்ம ஊர்க்காரன்தான் என்றார். ஸுபைதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் குடுத்தாளே, தனக்கு ஒரு வாங்காவது வெச்சிக்கல்லியே என்று அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினாள். மஸூதாவுக்குத்தான் கோபம். ஒரு கட்டடத்துக்கு இப்பிடி அழுறாங்க, நாங்க செத்த மனுசரையே எண்ணி முடியாம இருக்கோம், இவங்களுக்குக் கவலைண்டா என்னண்டு தெரியாது என்றாள். பெரியம்மா அதற்கு, கட்டடத்துக்கு இல்ல புள்ள, அதுக்குள்ள பக்கத்துல ஒக்காந்திருந்தவங்களுக்கு அழுறாங்க என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. எனக்குப் படம் பிடித்ததா என்றால், பாதிதான் பார்த்தேன் மகன், மீதிப் பாதி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்கார இடம் இல்லாமல் ஒரு தகப்பன் தன் பையனைத் தோளில் தூக்கி வைத்துப் படம் காட்டுகிற இடம் வருமே, அங்கே அப்பா எழுந்து வெளியே போனார். அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போன ஸுபைதா, அண்ணன் கெணத்தடியில நிக்கிறாரு, கூப்பிடாதீங்க என்று வந்து சொன்னாள். எண்பத்து மூன்று கலவரத்தில் நம்மைத் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவள் அவள், எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, சரோஜா, பெரியவன் அன்னைக்கு யாருக்காகப் போனான்னு நீ நெனைக்கிற என்று கேட்டார். நம் வீட்டில் எல்லோரும் நினைத்தது ஒன்றுதானே. புதுப் படம் வந்திருக்கிறது என்று நீ இரண்டு நாளாக அண்ணனை அரித்துக்கொண்டிருந்தாய், அவன் டிக்கட் எடுக்கப் போனான், டவுனில் கலவரம் வந்தது, தியேட்டர் வாசலில் அவனை அடித்துப் போட்டுவிட்டார்கள். சிவஞானத்தைக் கொண்டு வந்து கிடத்தியபோது பதினான்கு வயதுப் பிள்ளை நீ, நான்தானே படம் படம்னு அரிச்சேன் என்று தலையில் அடித்துக்கொண்டு கதறியது இப்போதும் என் காதில் நிற்கிறது.

அப்பா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். சின்னவன் கேட்டதுக்காக அவன் போகல, அடுத்த கெழம பாக்கலாம்னு சொல்லிட்டுத்தான் கடைக்கு வந்தான். நான்தான் தையல் மிசின்ல இருந்துக்கிட்டு, மொத ஷோ பாக்கணும், கூட்டம் சேர முன்ன போயி மூணு டிக்கட் எடுத்துட்டு வாடான்னேன். டவுன்ல ஆளுங்க கூடி நிக்கிறாங்கப்பா, பேச்சு நல்லால்லன்னு சொன்னான். ஒண்ணும் நடக்காது போடா பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சேன். அந்தச் சொல்லுக்காகத்தான் போனான். இவ்வளவும் சொல்லி, சின்னவன் கதறினப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லல, அன்னைக்குச் சொல்லாதத அப்புறம் சொல்ல முடியல என்றார்.

கேட்டதும் எனக்கு இரக்கம் வரவில்லை ராஜா, ஆத்திரம்தான் வந்தது. மூத்தவனைக் கொன்றது யாரோ, அதற்கு அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன், முதல் ஷோ பார்க்க ஆசைப்பட்டதும் குற்றம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் தலையில் இதை ஏற்றி வைத்துவிட்டு ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாரே. நீ பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடந்தபோதும், ஊரே வேண்டாம் என்று புறப்பட்டபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நாலு நாள் அவரோடு பேசவில்லை, சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போனேன். ஐந்தாம் நாள் அவரே வந்து, பயலுக்கு எழுதிடு, எனக்கு எழுத வார்த்த வரல, நீ எழுதினதுக்குக் கீழ நான் ஒப்பு வைக்கிறேன் என்றார்.

அப்பா உன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார் என்று நீ எத்தனை தரம் என்னிடம் அழுதிருக்கிறாய். அது கோபம் இல்லை மகன், பார்க்க முடியாமல்தான் பார்க்கவில்லை. அதற்காக நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கே இன்னும் மனசு ஆறவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு ஆத்திரம் வந்தால் ஆத்திரத்தையே எழுது, திட்டினாலும் வாசித்துக் காட்டுவேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தனியாக அறையில் கிடந்து யோசிக்காமல் அந்த வீட்டு ஐயாவோடு இரண்டு வார்த்தை பேசு, நல்ல மனுஷர் மாதிரி தெரிகிறது.

அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்ல இடத்தில் ஒரு வாழ்க்கை அமையட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஸுபைதாவும் ஸமத் நானாவும் மஸூதாவும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள், பெரியம்மா முத்தம் அனுப்பச் சொன்னாள். ஆடியில் அண்ணன் நினைவு நாளுக்கு மூன்று நாள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடப்பாயே, இனி அப்படிக் கிடக்காதே, இது அம்மா வார்த்தை.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. சரோஜாதேவி

தம்பி தர்மராஜா, அம்மா எழுதினது எல்லாம் வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை. அண்ணன நான்தான் அனுப்பினேன். நீ இல்ல.
சிவசாமி