சம்மதம் என்ற சொல்

கல்முனை,
12.02.2024

அன்புள்ள மிஹ்லார் காக்காவுக்கு,

ஸலாம். என் போன் பொலிசில். அதனால் கடையொன்றிலிருந்து இந்த மின்னஞ்சல். நானும் உம்மாவும் சுகம்.

நேற்று, பள்ளிவாசலுக்கு நான் செய்த, தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். பொலிஸ் மறித்தது. லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் திறந்தார்கள். பாங்குக்கு எவ்வளவு நேரம் என்று சிவப்பு இலக்கம் குறைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு குண்டென்று நினைத்து இரண்டு பொலிஸ்காரர் மதிலுக்கு அப்பால் பாய்ந்தார்கள்! பூச்சியம் வந்தது. கடிகாரம் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. நான் சிரித்துவிட்டேன். சார்ஜனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடிகாரத்தையும் போனையும் எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தர ஒரு கடதாசியில் ஒப்பம் வேண்டுமாம்: ‘சம்மதத்துடன் சோதிக்கக் கொடுத்தேன்.’ சிங்களத்தில் நீட்டினால் எனக்கு விளங்காது என்று நினைப்பு. அம்பாறையில் சிங்களப் பிள்ளைகளோடு படித்தவன் நான். ஒப்பம் வைக்கவில்லை.

தம்பி,
அஸ்கி

தோஹா,
13.02.2024

அஸ்கி,

ஸலாம். உனக்கு மூளை சுகமா? நீ இங்கே வேலைக்கு வர, உன்மேல் குற்றமில்லை என்ற பொலிஸ் அறிக்கையைக் கம்பனி கேட்கிறது. அவர்களோடு முறைத்துக்கொண்டால் அதைத் தருவார்களா? மாத முடிவுக்குள் வராவிட்டால் உன் வேலை போச்சு. மெனேஜரின் பின்னால் ஒரு வருசம் திரிந்து எடுத்த இடம். உம்மா போனில் அழுகிறா. ஒரு சொல்லுக்காகவா இவ்வளவும்? ஒப்பத்தை வைச்சிட்டு வாடா!

காக்கா

கல்முனை,
15.02.2024

காக்காவுக்கு,

ஸலாம். பொலிசுக்குப் போனேன். “தமிழில நானே எழுதித் தாறன் சேர்” என்று எழுதினேன்: ‘கேட்காமல் திறந்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. சாமானை எடுத்ததற்குப் பற்றுத்துண்டு தரவில்லை.’ அதன் கீழே ஒப்பம் வைத்தேன்.

“இப்பிடி எழுதினா வழக்காகி, சாமான் கோட்டுக்குத்தான் போகும்” என்றார் சார்ஜன்.

“போகட்டும் சேர். அங்கயும் நேரத்துக்குப் பாங்கு சொல்லும்.”

பள்ளிவாசலுக்கு இன்னொன்று செய்யத் தொடங்கிவிட்டேன். வயரைப் பிழையாகப் பூட்டினால் கழற்றிப் பூட்டலாம், காக்கா. கொடுக்காத சம்மதத்தைக் கொடுத்ததாக எழுதிவிட்டால் எதைக் கழற்றுவது? அறிக்கை வந்தால் வருகிறேன். வராவிட்டால் இங்கேதான். திரும்ப மறித்தாலும் “ஏன்?” என்றுதான் கேட்பேன். உங்களை மெனேஜரிடம் வெட்கப்படுத்தியதற்கு மட்டும் மாப்பு.

அஸ்கி

தோஹா,
03.03.2024

அஸ்கி,

உன் இடத்துக்குக் கண்டிக்காரன் ஒருவன் வந்துவிட்டான். என் கோபம் இறங்கவில்லை. இனி உன்னோடு கதைக்கமாட்டேன் என்று உம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

நீ எழுதிய அந்த மூன்று வரியையும் சிங்களத்தில் எழுதி அனுப்பு. எங்கள் அறையில் இருக்கும் மாத்தறைச் சிங்களவனின் தம்பியிடமும் ஊரில் அவன் ஓட்டும் வானை மறித்து இப்படித்தான் ஒப்பம் கேட்கிறார்களாம். என்ன எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சுணங்காதே.

காக்கா