அப்பா ஊராரிடம் சொன்னது

லங்காஷயர், இங்கிலாந்து,
14 மே 2023

அன்புள்ள மகன் ஏட்ரியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன், உன் மேலும் சேர்த்துத்தான். கனடாவிலிருந்து போன் செய்தால் முதலில் மழையைத்தானே விசாரிப்பாய், இங்கே மழைதான். போதுமா?

அப்பா போய்ப் பத்து வாரம் ஆகிறது. சடங்கு கிடையாது, கூட்டம் கிடையாது, நேரே எரித்துவிட்டுச் சாம்பலை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று டிவி விளம்பரத்தைப் பார்த்து நீயும் நானும் முடிவு செய்தோம். "அப்பாவுக்கு ஆர்ப்பாட்டம் பிடிக்காதும்மா" என்றாய். நானும் தலையாட்டினேன். அவர் இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டோமா? நீ விமானம் ஏற வேண்டியதில்லை என்பதும் நம் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. டெலிவரிக்காரன் வந்து, ஆன்லைனில் வாங்கிய செருப்பைக் கொடுப்பதுபோல் உன் அப்பாவைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனான். பக்கத்து வீட்டுக்காரி பாலின், சமைத்த சாப்பாட்டை என் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவிடுகிறாள். துக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்போல.

போன வியாழன் நூலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். மாதம் ஒருமுறை நடக்கிறது. டீயும் கேக்குமாக உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. நடத்துகிற மொய்ரா முன்பு நர்ஸாக இருந்தவள். யாருக்கும் யாரும் புத்தி சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. என் முறை வந்ததும், என் பெயர் பெரில், வீட்டுக்காரர் பெயர் வில்ஃப் என்று சொன்னேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்டான் என்ற பழைய பஸ் டிரைவர்தான் வாயைத் திறந்தார். "வில்ஃபோட சம்சாரமா நீங்க? போன வருஷம் பூரா வந்துக்கிட்டு இருந்தாரே" என்றார். என்னிடம் வியாழக்கிழமை கிளப்பில் டோமினோக் காய் விளையாடுவதாகச் சொல்லிவிட்டுப் போன மனுஷன். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்று மொய்ரா தடுத்தாள். "செத்தவர் கோவிச்சுக்க மாட்டார் மொய்ரா, இந்தம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்று ஸ்டான் சொல்லிவிட்டார்.

ஏட்ரியன், உட்கார்ந்து படி. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள், 1971இல். உயிரில்லாமல் பிறந்தாள். அந்தக் காலத்து வழக்கப்படி துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். முகத்தைக் காட்டவில்லை, எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. "சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோ, மறந்துடும்" என்றாள் நர்ஸ். ஐம்பத்திரண்டு வருஷமாக நானும் அப்பாவும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா அவளைத் தேடியிருக்கிறார், ஸ்டான் சொல்லித்தான் தெரிந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டி இடத்தையே கண்டுபிடித்துவிட்டார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம், யாரோ ஒரு கிழவியின் சவப்பெட்டிக்குள் இவளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அப்போது அப்படித்தான் செய்வார்களாம். அவளுக்கு ஹேசல் என்று பெயரும் வைத்திருக்கிறார், என்னைக் கேட்காமல். "நான் போனா என்னை அவகிட்ட வச்சிடணும். பெரில்கிட்ட எப்படிச் சொல்றது? நான் வாயைத் தொறந்தாலே அவ டீக்குக் கெட்டிலைப் போட எழுந்து போயிடுவா" என்று சொன்னாராம். அவர் சொன்னது நிஜம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

என் பிள்ளையின் பெயரைக் கேக் தின்கிற எட்டுப் பேர் எனக்கு முன்னால் தெரிந்து வைத்திருந்தார்கள். கத்திவிட்டேன். விதிப்படி ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. அந்த விதியைப் போட்டவனை அறையலாம் போலிருந்தது. ஸ்டான் கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். "உங்க யார்கூடவும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நூலகத்தில் என்று ஆரம்பித்ததுமே, "அங்கெல்லாம் ஏம்மா போறே, மனசு கெட்டுப்போகும்" என்று பேச்சை மாற்றினாய். நீ என் பிள்ளை, வேறெப்படி இருப்பாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூன் ஒன்பது, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அப்பாவின் சாம்பலை ஹேசல்கிட்டயே வைக்க மதிலோரத்தில் குழி தோண்டித் தருவதாகக் கல்லறை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. வேலை, லீவு என்று எதுவும் சொல்லாதே. வா.

நீ பிறந்தபோது, குளிப்பாட்ட வேண்டும் என்று நர்ஸ் எவ்வளவு கேட்டும் நான் உன்னைக் கையிலிருந்து விடவில்லை. பிடிவாதக்காரி என்று எல்லோரும் திட்டினார்கள். ஏன் என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

நன்றாக இரு, பத்திரமாக வந்து சேர்.

உன்னையும் ஹேசலையும் பெற்ற
அம்மா