மாப்பிள்ளையின் தொண்டைக் குழாய்

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்தோடு எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்று புளுக வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும்.

இங்கே மகள் வீட்டில் நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு நரம்பு நோய் முற்றி, இப்போது கண் மட்டும்தான் அசைகிறது. மூச்சு, தொண்டைக் குழாயில் மாட்டிய மெஷின் வழியாகத்தான். செவ்வாய்க்கிழமை மகள் வேலைக்குப் போன பிறகு, சளி கட்டி உள்குழாய் அடைத்துக்கொண்டது. பயப்படாதீர்கள். சளி உறிஞ்சும் மெஷினை வைத்தும் வரவில்லை. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி உள்குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமாக வைத்திருந்த வேறொன்றைப் போட்டேன். நீலம் பாரித்த உதடு தெளிந்தது.

பிறகு எழுத்து அட்டையைக் கண்ணால் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், "உங்கம்மா கையில குழந்தையைக் கொடுக்காதே, சுத்தம் தெரியாதவங்க" என்று மகளிடம் என் காதுபடச் சொன்னாரே, அதற்கு மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினேன், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண் சிமிட்டினார். "அவகிட்ட சொல்லாதீங்க, வேலையை விட்டுடுவா" என்று வந்தது. அவ்வளவுதான்.

நீங்களும் போனில் உளறிவிடாதீர்கள்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள், அட்டையில் எழுத்து மங்குகிறது. உங்கள் சட்டை ஒன்றும் வேண்டும், என் தலையணைக்கு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மூச்சு மெஷின் கத்துகிறது, போகிறேன். அந்த மன்னிப்பு என் கைக்கு வரும்வரை குழாய் அடைக்க விடமாட்டேன்.

உங்கள் வாயாடி